பாதி வாசலும் முழு வண்டியும்

பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த எந்திரத்தின் அடியிலிருந்து எண்ணெய் வடியும்போது எழுகிற நெடியை வேறெந்த நெடியோடும் ஒப்பிட முடியாது. கருகிய வெல்லப்பாகும் துருவும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல் மூக்கில் ஏறி, குளித்தாலும் விலகாமல் கூந்தலோடு தங்கிவிடுகிற அந்த நெடியை, ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலையில், புதுச்சேரியில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில், பதினோரு வயதுச் சிறுமியாக நான் முதன்முதலில் நுகர்ந்தேன். அன்று என் பாவாடையில் பட்ட கறையை அம்மா எலுமிச்சையும் சோடாவும் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்தப் பாவாடையையே அடுப்படித் துணியாக்கினாள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. அந்த இரண்டு நாட்களுக்கு ஈடாக ஒரு பாவாடை என்ன, பெட்டியில் இருந்த எல்லாவற்றையுமே கொடுத்திருப்பேன்.

அந்த எந்திரம் இருந்த வண்டி, இருவர் மட்டுமே அமரக்கூடிய, தாழ்ந்த, நீண்ட மூக்குடைய ஒரு பந்தயச் சிற்றுந்து. பழுத்த மிளகாயின் நிறம். கூரை துணியால் ஆனது. வேண்டாதபோது மடித்துப் பின்னால் செருகிவிடலாம். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் மாமா, அப்பாவுடைய தமக்கையான மதலேன் அத்தையின் கணவர், அதைப் பிரான்சில் வாங்கிக் கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டு வந்தார். தெருவில் எல்லாரும் அவரை 'சொல்தா' என்றே அழைத்தார்கள். பிரெஞ்சுப் படைவீரராய் இருந்து திரும்பிய எவருக்கும் எங்கள் ஊர் அளித்துவந்த பட்டம் அது. வண்டிக்கு எங்கள் வீட்டில் 'வொத்துய்ர்' என்று பெயர்; பிரெஞ்சில் அதற்கும் கார் என்றுதான் பொருள். மற்றவர்கள் வீட்டில் இருந்தவை கார்கள்; எங்களுடையது மட்டும் 'வொத்துய்ர்'.

மாமா படையில் இருந்த காலத்தில் அத்தையும் அவருடன் பிரான்சில் வாழ்ந்தவள்; அங்கேயே வண்டியோட்டக் கற்று, தேர்வில் வென்று, 'பெர்மி' என்று அவள் பெருமையோடு குறிப்பிடும் உரிமத்தையும் பெற்றவள். பிரெஞ்சு வண்டியில் ஓட்டுபவர் அமர்வது இடப்பக்கம்; ஊர் திரும்பிய பிறகு அவளுக்கு வாய்த்தது வலப்பக்கத்து இருக்கை மட்டுமே. "இங்க ரோடு வேற மாதிரி, மதலேன். மாடு வரும், ஆடு வரும். கொஞ்ச நாள் போவட்டும்" என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கொஞ்ச நாள் முடிவதற்குள் சுவர் எழும்பிவிட்டது.

சுவரின் கதையை எங்கள் குடும்பத்துக்கு வெளியே சொன்னால் எவரும் நம்புவதில்லை. மாமாவும் அத்தையும் ஓய்வூதிய வேலையாகப் பிரான்சுக்குப் போயிருந்த சமயத்தில், என் தாத்தாவும் அவர் தம்பியும் பரம்பரை வீட்டைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். சண்டையே இல்லாத பாகப்பிரிவினை. யாருக்கும் ஓர் அங்குலம் கூடவோ குறையவோ கூடாது என்பதில் இருவரும் அவ்வளவு கண்ணியமாய் இருந்தார்கள். அந்தக் கண்ணியத்தின் விளைவாக, தெருவிலிருந்து பின்முற்றம் வரை நேராகச் செல்லும் அகன்ற வண்டிவாசலையும் கயிறு பிடித்துச் சரிபாதியாகப் பகுத்து, நடுவே சுவர் எழுப்பிவிட்டார்கள். இரண்டு பாதியிலும் ரிக்‌ஷா நுழைகிறதா என்று தள்ளிப் பார்த்து, நுழைந்ததைக் கண்டு மகிழ்ந்து, கொத்தனாருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார்களாம். பின்கொட்டகையில் உறைபோட்டு மூடிக் கிடந்த 'வொத்துய்ர்' இருவர் நினைவிலும் வரவில்லை. மாமா திரும்பி வந்து, உறையை நீக்கி, எந்திரத்தை முடுக்கி, வண்டியைக் கடற்கரைக்குச் செலுத்த வாசலுக்குக் கொண்டுவந்தபோதுதான், அது வெளியேற வழியின்றி உள்ளேயே சிறைப்பட்டுவிட்டது தெரிந்தது. அதற்குள் சின்னத் தாத்தா அந்தச் சுவரை ஒட்டியே தம் புதுச் சமையலறையைக் கட்டி ஓடும் வேய்ந்துவிட்டார். மாமா வண்டியைப் பின்னோக்கிச் செலுத்திக் கொட்டகையில் நிறுத்தி, சக்கரங்களுக்கடியில் செங்கல் அடுக்கினார் என்று அத்தை சொல்லுவாள்.

அந்த நிகழ்ச்சி நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது. நான் அறிந்த காலத்தில் அந்த வண்டி ஓர் ஓடாத தேர். ஞாயிறுதோறும் அத்தை அதன் கதவைத் திறந்து, வலப்பக்கத்து இருக்கையில் அமர்ந்தபடியே உள்ளே இருந்தவற்றை எல்லாம் துடைப்பாள். இடப்பக்கத்து ஓட்டுநர் இருக்கையில் மாமாவைத் தவிர யாரும் அமரக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம்.

தாத்தாக்கள் இருவரும் காலமான பிறகு எங்கள் பாதி வீட்டை அப்பா விற்க நேர்ந்தது. கோரிமேட்டுக்குப் போகும் சாலையில் புதிய வீடு கட்டியாகிவிட்டது. ஆடி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் சாவியை ஒப்படைத்தாக வேண்டும். அதற்குள் கொட்டகை காலியாக வேண்டும். அடுத்த பாதியில் குடியிருந்த சின்னத் தாத்தாவின் மருமகள், செசில் சித்தி, சமையலறையைத் தொடவிடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. யார்தான் தம் அடுப்பை இடித்துப் பிறர் வண்டிக்கு வழிவிடுவார்கள்? பழைய இரும்பு வாங்குபவர் வந்து பார்த்து, நான்காக அறுத்தால் எடுத்துப் போகலாம் என்றார். மாமா நெடுநேரம் வண்டியின் முன்மூடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "ஃபினி" என்றார். முடிந்தது என்று பொருள்.

"என்னாது முடிஞ்சுது?" என்று அத்தை அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "நான் இன்னும் ஓட்டவே இல்லியே! முடிஞ்சுதாம்ல! அறுக்கறதா இருந்தா என்னையும் உள்ள ஒக்கார வச்சு அறுக்கச் சொல்லுங்க."

பழைய இரும்புக்காரர் அந்தக் கரண்டியைப் பார்த்தார். பிறகு வருவதாகச் சொல்லிப் போனார்.

வழி பிறந்தது அம்மாவால். வீட்டுச் சாமான்களைப் புதுவீட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்த நேரம், அறை வாயிலில் நுழைய மறுத்த தேக்குக் கட்டிலை ஆட்கள் ஒருக்களித்துச் சாய்த்து எடுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏன் அண்ணி, இந்த வண்டியயும் இப்பிடி ஒருக்களிச்சு எடுத்தா என்ன?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. தையல் நாடாவை எடுத்துக்கொண்டு முதலில் வாசலை அளந்தாள். பிறகு வண்டியை அளந்தாள். வாசல், வண்டியின் அகலத்தைவிட ஒரு சாண் குறுகல். துணிக்கூரையைக் கழற்றிவிட்டால், அதன் உயரத்தைவிட ஒரு சாண் அகலம். தாழ்ந்த வண்டியாய் இருந்ததே அதன் நல்லூழ்.

புதுச்சேரியை அடுத்த மேட்டுப்பாளையத்தில் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த தனகோடியை அத்தை அன்றைக்கே வரவழைத்தாள். தனகோடி அடக்கம் அறியாதவர். அந்த வகை வண்டியை அதற்கு முன் கண்ணால்கூடக் கண்டதில்லை என்றாலும், அதை வடிவமைத்தவரே தம்மிடம் வந்து கேட்டுப் போனது போல் பேசுவார். வண்டியைச் சுற்றி வந்து, "அம்மா, இப்பிடியே சாய்ச்சா இஞ்சின தாங்குற பட்டா கனத்துல பேந்துக்கும். ஆளும் தூக்க முடியாது. இஞ்சினயும் கியர் பாக்ஸயும் எறக்கிட்டோம்னு வையிங்க, அப்பறம் இது வெறும் கூடு. பல்லாக்கு மாதிரி தூக்கினு போயிடலாம்" என்றார்.

"நீ இந்த மாதிரி வண்டியில இஞ்சின் எறக்கி இருக்கியா?" என்றார் மாமா.

"சொல்தா ஐயா, நீங்க துப்பாக்கி சுட்டப்ப, இவன முன்ன சுட்டிருக்கமான்னு பாத்தா சுட்டீங்க?"

மாமாவுக்கு அந்த விடை பிடித்துப்போயிற்று. 'ஃபினி' என்று சொன்ன மனிதர், மறுநாள் காலையில் காக்கிக் காற்சட்டை அணிந்து, படைமுகாமை மேற்பார்வையிடுபவர்போல் முற்றத்தில் நின்றார்.

அந்தச் சனிக்கிழமைதான் நான் முதலில் சொன்ன நெடி எழுந்தது. செங்கற்களை நீக்கி வண்டியை முற்றத்துக்குத் தள்ளி வந்து, மின்கலத்தின் இணைப்பை விடுவித்தார்கள். எண்ணெயையும் குளிர்விக்கும் நீரையும் வடித்தார்கள். எஞ்சியிருந்த பெட்ரோலைக் குழாய் வைத்து இறக்கினார்கள். முன்மூடியைக் கழற்றி மாமரத்தில் சார்த்தினார்கள். நீர்த்தொட்டி, புகைக்குழாய், எந்திரத்தின் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டு என ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கழன்று வரும் திருகாணிகளைப் பகுத்து வைக்கும் பொறுப்பு என்னுடையது. காலி பிஸ்கோத்துத் தகரங்களையும் கொட்டாங்கச்சிகளையும் வரிசையாக வைத்து, எது எங்கே உரியது என்று ஒவ்வொன்றிலும் படம் வரைந்த தாளை ஒட்டிவைத்தேன். தனகோடி கை நீட்டும்போதெல்லாம் சரியான தகரத்தைத் தள்ளியதில் எனக்கு உண்டான செருக்கு, பள்ளியில் நான் வாங்கிய எந்தப் பரிசிலும் உண்டானதில்லை.

நண்பகலுக்குள், சவுக்குக் கழிகள் மூன்றை உச்சியில் பிணைத்து வண்டியின் மூக்குக்கு மேல் நிறுத்தி, அதிலிருந்து 'செயின் பிளாக்' எனும் சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டு, எந்திரத்தைச் சங்கிலியால் அணைத்துக் கட்டியாயிற்று. பல்லிணைப் பெட்டி, அதாவது 'கியர் பாக்ஸ்', எந்திரத்தின் வால் போல் அதனோடு ஒட்டியே வெளிவர வேண்டும். மாமா படை அணிவகுப்பில் பெயர் அழைப்பதுபோல் ஒவ்வோர் உறுப்பாகக் கூவினார். தனகோடி ஒவ்வொன்றுக்கும் "ஆச்சு" என்றார். இறுதியில் மாமா கையை உயர்த்தி, "துஸ்மான்!" என்றார். மெல்ல, மெல்ல என்பதற்கு அவரிடம் வேறு சொல் கிடையாது.

கப்பியின் சங்கிலியைத் தனகோடி இழுக்க இழுக்க, எந்திரம் அசைந்தது. ஒரு விரற்கடை எழுந்தது. நாங்கள் கைதட்டினோம். அதன் பிறகு எந்திரம் எழவில்லை, வண்டி எழுந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் தரையைவிட்டு மேலெழும்பி, 'வொத்துய்ர்' மாட்டுச்சந்தையில் முரண்டு பிடிக்கும் காளைபோல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. சவுக்குக் கழிகள் முனகின. தனகோடி சங்கிலியைப் பிடித்தபடியே, "எங்கியோ புடிச்சினு இருக்குது ஐயா" என்றார். மாமா மறுபடியும் பெயர் அழைப்பைத் தொடங்கினார். தனகோடி மறுபடியும் "ஆச்சு, ஆச்சு" என்றார். மதிலுக்கு மேலே தலையை நீட்டி வேடிக்கை பார்த்த செசில் சித்தி, "அண்ணா, வண்டி ஏறிக் குதிச்சு எங்கூட்டுக்கு வந்துரப் போவுது, பாத்து!" என்று கத்தினாள்.

அத்தை வண்டியின் பக்கவாட்டில் குனிந்து உள்ளே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இந்தாங்க, உள்ள ஒரு கம்பு நட்டுகினு நிக்கிதே, கியர் போடற கம்பு, அத யாராச்சும் எடுத்தீங்களா?"

எவரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? வண்டிக்குக் கீழே படுத்தார்கள், முன்னே நின்றார்கள், பின்னே நின்றார்கள். மாமாவின் சட்டத்துக்கு அஞ்சி, உள்ளே மட்டும் ஒருவரும் நுழையவில்லை. பல்லிணைப் பெட்டியின் உச்சியிலிருந்து வண்டியின் தளத்தைத் துளைத்து மேலெழுந்து நின்ற அந்தக் கோல், முழு வண்டியையும் கொத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

தனகோடி முதலில் சிரித்தார். பிறகு மாமா, அவர் சிரித்துச் சிரித்து மாமரத்தில் சாய்ந்துவிட்டார். சங்கிலியைத் தளர்த்தி வண்டியைத் தரையிறக்கினார்கள். எண்ணெய் வழியும் கைகளோடு தனகோடி கதவருகே தயங்கி நின்று, "கையெல்லாம் அழுக்கா இருக்குது, சீட்டு போயிடும்" என்றார். மாமா தம் மனைவியைப் பார்த்தார். "நீ ஏறு" என்றார்.

அத்தை புடவையைத் திரட்டிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள். நான் மறுபக்கம் ஏறித் திருப்புளியை நீட்டினேன். கோலின் அடியில் இருந்த தோலுறையை விலக்கி, திருகாணிகளை நீக்கி, வளையத்தைத் திருகி, அவள் அந்தக் கோலை உருவி எடுத்தபோது, அதன் அடிமுனையில் ஒரு சிறு குண்டு, எண்ணெய் பூசிய நாவற்பழம்போல் பளபளத்தது. "இவ்ளோதானா?" என்றாள். ஆயினும் இறங்கவில்லை. எந்திரமும் பல்லிணைப் பெட்டியும் ஒன்றாக, வால் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்து, வண்டியின் வயிற்றிலிருந்து மெல்ல மேலெழுந்து வெயிலில் தொங்கியபோது, அதை இருக்கையிலிருந்தே பார்த்த இருவர் நாங்கள்தாம்.

மறுநாள் ஞாயிறு. தனகோடியின் மைத்துனர் அஞ்சாப்புலி வீராம்பட்டினத்துக்காரர். அம்மன் கோயில் தேருக்குச் சன்னக்கட்டை போடுபவர். உருண்டு வரும் தேரின் சக்கரத்துக்கடியில் மரக்கட்டையைச் செருகி, அதை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்புகிற வேலை அது. வெள்ளிக்கிழமைதான் தேர் ஓடி முடிந்திருந்தது. தோளில் இன்னும் வடம் உராய்ந்த புண் ஆறாத கூட்டாளிகள் பத்துப் பன்னிருவரை அழைத்துக்கொண்டு, கட்டைகளும் கயிறுமாக அவர் வந்து நின்றார். வண்டியைப் பார்த்ததும், "இதுவா? எங்க ஆத்தா தேருக்கு இது குட்டி" என்றார்.

நார்மெத்தைகளைப் பரப்பி, அவற்றின் மேல் 'வொத்துய்ர்' மெல்ல ஒருக்களித்துக் கிடத்தப்பட்டது. எந்திரம் நீங்கிய கூடு அத்தனை எளிதாய்ச் சாய்ந்ததைக் கண்டு மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பலகைகளின் மேல் அதை ஏற்றி, பலகைகளுக்கடியில் உருளைக் கழிகள் இட்டு, இழுக்கக் கயிறும் பூட்டியாயிற்று. அப்போது அஞ்சாப்புலி மடியிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்தார். சக்கரத்தடியில் பழம் வைத்து நசுக்காமல் அவர் எந்த வண்டியையும் கிளப்பியதில்லை. எடுத்தவர் திகைத்து நின்றார்.

"எங்க வைக்கிறது? நாலு சக்கரமும் செவுத்தப் பாத்துகினு இருக்குதே!"

"செவுத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவுல வச்சு நசுக்கு, மச்சான். சுத்தி சுத்தி வந்தாலும் பழம் பழந்தான்" என்றார் தனகோடி.

அத்தை மாதா கோயில் தீர்த்தக் குப்பியுடன் வந்து நெற்றியிலிருந்து சிலுவை இட்டுக்கொண்டு, வண்டியின் மேலும் பழங்களின் மேலும் அஞ்சாப்புலியின் மேலும் ஒருசேரத் தெளித்தாள். அவர் இரு கைகளையும் கூப்பி அதை ஏற்றுக்கொண்டார்.

பிறகு அந்தப் பாதி வாசலுக்குள் வண்டி நுழைந்தது. அடிவயிறு ஒரு சுவரை நோக்க, திறந்த இருக்கைகள் மறுசுவரை நோக்க, பக்கத்துக்கு அரைச்சாண் இடைவெளியில் அது ஊர்ந்த காட்சியை என்னால் மறக்க இயலாது. அஞ்சாப்புலி முன்னால் பின்னோக்கி நடந்தபடி, ஒரு பக்கம் சாயும்போது கட்டையைச் செருகி, மறுபக்கம் தட்டி, "ஆங்... போடு... விடு... தள்ளேய்!" என்று தேர்க்குரல் எழுப்பினார். ஆட்கள் அதே குரலில் எதிரொலித்தார்கள். நடுவழியில் முன்கண்ணாடியின் சட்டம் சமையலறைச் சுவரில் உரசிச் சுண்ணாம்பு உதிர்ந்தது. ஆட்கள் தள்ளுவதை நிறுத்தினார்கள். இன்னும் ஓர் அழுத்தம் கொடுத்தால் சுவரும் போகலாம், கண்ணாடியும் போகலாம். மறுநாள் காலையில் சாவி கைமாறிவிடும்.

சுவருக்கு அப்பாலிருந்து செசில் சித்தியின் குரல் கேட்டது. "மதலேன் அண்ணி! ஒரசுற எடத்துல என்னா இருக்குது?"

"முன்கண்ணாடியோட சட்டம்!"

"அதுக்கு எண்ண தடவுங்க, நல்லெண்ண! நான் இந்தப் பக்கம் அடுப்பு மேல இருந்த பானயெல்லாம் எறக்கிட்டேன். இடிஞ்சா இடியட்டும், தள்ளுங்க!"

நல்லெண்ணெய் மதிலுக்கு மேல் ஒரு கிண்ணத்தில் வந்தது. அத்தை இடுக்கில் கையை நுழைத்துத் தடவினாள். அஞ்சாப்புலி கட்டையை ஒரு தட்டுத் தட்டினார். கண்ணாடிச் சட்டம் வழுக்கியது, சுவர் நின்றது, 'வொத்துய்ர்' தெருவின் வெயிலுக்குள் வந்து விழுந்தது. ஞாயிற்றுப் பூசை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தவர்களும் மீன்கூடைக்காரிகளும் மிதிவண்டிக்காரர்களும் எழுப்பிய கூச்சலில், தெருமுனையிலிருந்த காவலர்கூடத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

நிமிர்த்தி நிறுத்தியதும் அடுத்த கேள்வி எழுந்தது. எந்திரத்தையும் பல்லிணைப் பெட்டியையும் மாட்டுவண்டியில் ஏற்றியாயிற்று. கூட்டை மேட்டுப்பாளையம் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். யாராவது உள்ளே அமர்ந்து வளைவுகளில் திருப்ப வேண்டும், 'பிரேக்' எனும் நிறுத்துவிசையைக் கையில் வைத்திருக்க வேண்டும். மாமா முன்னால் நடந்து வழி விலக்கியாக வேண்டும். அந்தப் பணியை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராயில்லை. தனகோடி தள்ளுகிறவர். அத்தை எவரையும் கேட்கவில்லை. கதவைத் திறந்தாள்; அமர்ந்தாள்; முந்தானையை இடுப்பில் செருகினாள்; என்னைக் கைகாட்டி அழைத்தாள்.

"பெர்மி கையில இருக்குதா?" என்று மாமா வேடிக்கையாகக் கேட்டார்.

அத்தை இரவிக்கைக்குள்ளிருந்து அதை எடுத்துக் காட்டினாள்.

எந்திரமே இல்லாத அந்த வண்டியில், எலுமிச்சை நசுங்கிய மணத்தோடு, ஊரின் நடுவே நாங்கள் போனோம். ஆட்கள் தேர்க்குரல் எழுப்பித் தள்ள, சிறுவர்கள் முன்னும் பின்னும் ஓட, மாமா இரு கைகளையும் விரித்து, "துஸ்மான்! துஸ்மான்!" என்று மாடுகளையும் மனிதர்களையும் விலக்கிக்கொண்டு நடந்தார். அத்தை எந்த வளைவிலும் தயங்கவில்லை. இல்லாத ஒலிப்பானை வாயாலேயே ஒலித்தாள்.

எந்திரமும் பல்லிணைப் பெட்டியும் பட்டறையில் துடைத்துப் புதுப்பிக்கப்பட்டு மறுபடியும் வண்டிக்குள் இறங்கின. முதல் முடுக்கலுக்கு நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். மாமா சாவியோடு இடப்பக்கத்துக் கதவருகே வந்தார். அங்கே அத்தை ஏற்கெனவே அமர்ந்திருந்தாள். அவர் ஒரு கணம் நின்றார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து வலப்பக்கம் ஏறிக்கொண்டு, சாவியை அவளிடம் நீட்டினார். அதன் பிறகு பல ஆண்டுகள், ஞாயிறு மாலைகளில் கடற்கரைச் சாலைக்கு அந்தச் சிவப்பு வண்டியைச் செலுத்தியவள் மதலேன் அத்தைதான். மாடு வந்தது, ஆடும் வந்தது. அவற்றைப் பார்த்து அலறும் உரிமை மட்டும் மாமாவிடம் தங்கியிருந்தது.

இன்று மாமா இல்லை. கடற்காற்றின் உப்பு வண்டியின் தளத்தைத் தின்று முடித்துவிட்டது. தனகோடியின் பட்டறை நின்ற இடத்தில் பண்டகசாலை ஒன்று நிற்கிறது. மாட்டுவண்டிகள் அந்தச் சாலையில் போவதில்லை. எண்பதைக் கடந்த அத்தையைச் சென்ற வாரம் என் புதிய வண்டியில் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். பல்லிணைகளைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டி அது. காலடியில் இரண்டே மிதிகள்; பல்லிணை மாற்றும்போது இடக்காலால் அழுத்தி விடும் 'கிளட்ச்' கிடையாது. அத்தை என் காலடியை எட்டிப் பார்த்துவிட்டு, "எடது காலுக்கு வேலையே இல்லியா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப இது ஓட்டறதே இல்ல, பாப்பா. ஒக்காந்து போறது" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். ஆனால் கடற்கரைச் சிலையருகே நான் விரைவைக் குறைத்துத் திருப்பியபோது கவனித்தேன்: அவளுடைய இடக்கால், செருப்பைக் கழற்றிவிட்டு, கால்விரிப்பை ஆழ மிதித்து, சரியான கணத்தில் மெல்ல விட்டது.